ஜப்பானியரிடம் நன்றி கூறும் முறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானிய மொழி பயிலும் வாசகர்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து அனுப்பிய கேள்விகளுள் நன்றி கூறுதல் பற்றியவற்றை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: முதியோர் பராமரிப்புப் பணிக்காக ஜப்பான் செல்லும் எண்ணத்துடன் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலைக்குப் படித்து வருகிறேன். ‘அரிகதோ’, ‘அரிகதோ கொஸைமஸ்’, ‘அரிகதோ கொஸைமஷித’ என்று மூன்று வடிவங்களைப் பாடநூல் தருகின்றது. மூன்றுக்கும் பொருள் ‘நன்றி’ என்றே எழுதப்பட்டிருக்கின்றது. எதை எங்கே சொல்வது? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: சகோதரி, முதலாவது வடிவம் நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் வயதில் இளையவர்களுக்கும் உரியது. தாங்கள் பணிபுரியப் போகும் இல்லத்தில் மேற்பார்வையாளரிடமோ, அங்கு வாழும் முதியவர்களிடமோ, அவர்களைப் பார்க்க வரும் உறவினரிடமோ அதைத் தனியே சொல்லக் கூடாது. அந்த முதியவர்கள் தங்களை நோக்கி ‘அரிகதோ நெ’ என்று சொல்வார்கள். அது பாட்டி ஒருவர் பேத்தியிடம் ‘சந்தோசம் மகள்’ என்று சொல்வது போன்றது. அவர்கள் அப்படிச் சொல்வதனால் தாங்களும் அவ்வாறே திருப்பிச் சொல்லலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் மரியாதை வடிவங்கள். ‘கொஸைமஸ்’ நிகழ்காலம், ‘கொஸைமஷித’ இறந்தகாலம். நன்றிக்குக் காலம் காட்டும் வழக்கம் தமிழில் இல்லாமையால் நம்மவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒருவர் தேநீர்க் கோப்பையைத் தங்கள் கையில் தரும்போது, உதவி இன்னும் நடந்துகொண்டிருப்பதனால் ‘அரிகதோ கொஸைமஸ்’ என்பது பொருந்தும். மூன்று மாதம் பயிற்சி அளித்தவர் இறுதி நாளில் விடைபெறும்போதும், கடையில் பொருள் வாங்கியவர் பணம் செலுத்திவிட்டு வெளியேறும்போதும், காரியம் ஒன்று முழுமையாக நிறைவெய்திவிட்டது என்ற உணர்வு இருப்பதனால் ‘அரிகதோ கொஸைமஷித’ என்கிறார்கள். ஐயம் ஏற்பட்டால் நிகழ்கால வடிவத்தையே சொல்லுங்கள். அதனால் எவரும் மனம் நோக மாட்டார்கள்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பலர் ‘அரிகாத்தோ’ என்று சொல்லக் கேட்கிறேன். அதில் இரண்டு பிழைகள் உள்ளன: ‘க’ நீளக் கூடாது, ‘த’ இரட்டிக்கவும் கூடாது. ஜப்பானியர் தமது சொற்களை அளக்கும் அலகு நமது மாத்திரையை ஒத்தது. அ, ரி, க ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மாத்திரையும் ‘தோ’வுக்கு இரண்டும் என்று ஐந்து மாத்திரை எண்ணிச் சொல்லுங்கள். ‘க’ என்பதைத் ‘தங்கம்’ என்ற சொல்லில் வருவது போலவும், ‘தோ’ என்பதைச் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘தோடு’ போல அழுத்தியும் ஒலிக்க வேண்டும். ‘கொஸைமஸ்’ என்பதன் இறுதியில் உண்மையில் ஓர் உகரம் எழுதப்படுகின்றது. அது பேச்சில் நமது குற்றியலுகரத்தைவிடவும் தேய்ந்து கேட்பதனால், நான் இங்கு அதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பணி முடிந்து செல்லும்போது சக ஊழியரிடம் ‘ஒத்ஸுகரெஸம தெஷித’ என்று சொல்வது வழக்கம். களைத்துப்போகும் அளவுக்கு உழைத்தீர்கள் என்று மற்றவரின் உழைப்பை ஏற்றுக்கொள்ளும் சொல் அது. ‘கொகுரோஸம’ என்றொரு சொல்லும் காதில் விழும். அது மேலிருப்பவர் கீழிருப்பவருக்குச் சொல்வது. மேற்பார்வையாளரிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ‘சொல்லித் தந்தமைக்கு நன்றி’ என்பதை ஜப்பானிய மொழியில் எழுதிக் காட்டினேன். இலக்கணப் பிழை இல்லை என்றும், ஆனால் நன்றி போல ஒலிக்கவில்லை என்றும் என் ஆசிரியை கூறிவிட்டார். ‘கொடுத்தல்’, ‘பெறுதல்’ வினைகள் சரியாக வரவில்லையாம். எத்தனை முறை விளக்கியும் எனக்குப் புரியவில்லை. (மாணவர், கல்லடி)

பதில்: தங்கள் ஆசிரியை சொன்னது முற்றிலும் சரி. ஜப்பானிய மொழியில் நன்றியின் உயிர் ‘அரிகதோ’ என்ற சொல்லில் இருப்பதைக் காட்டிலும் அதற்கு முன்னால் வரும் வினையில்தான் இருக்கின்றது. அந்த வினையைத் தவறவிட்டவர் எத்தனை முறை ‘அரிகதோ’ என்று சொன்னாலும், தமக்குக் கிடைத்த உதவியை அவர் உணரவே இல்லை என்ற எண்ணமே கேட்பவருக்கு ஏற்படும். இதை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பவர்களுக்கு விளங்கவைப்பது கடினம். தமிழருக்கு அவ்வளவு கடினமாக இருக்க வேண்டியதில்லை. அதற்குரிய திறவுகோல் நமது இலக்கணத்திலேயே இருக்கின்றது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் தரு, வரு என்னும் சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும், செல், கொடு என்பன படர்க்கைக்கு உரியவை என்றும் விதி வகுக்கப்பட்டிருக்கின்றது. ‘ஆசிரியர் எனக்குப் புத்தகம் தந்தார்’, ‘நான் அவருக்குப் புத்தகம் கொடுத்தேன்’ என்பதே திருத்தமான வழக்கு. பொருள் என் பக்கம் வந்தால் ‘தா’, என்னை விட்டு அப்பால் போனால் ‘கொடு’. ஜப்பானிய மொழியிலும் இப்படியே இரண்டு வினைகள் உள்ளன. பிறர் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ தருவது ‘குரெரு’, நான் பிறருக்குக் கொடுப்பது ‘அகெரு’.

நாம் இந்தச் சொல்லைப் பொருள்களோடு மட்டும் நிறுத்துவதில்லை. ‘சொல்லித் தந்தார்’, ‘எழுதித் தந்தார்’, ‘செய்து தந்தார்’ என்று செயல்களோடும் சேர்க்கிறோம். ‘அவர் சொன்னார்’ என்பதற்கும் ‘அவர் சொல்லித் தந்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாத மூதாட்டியும் அறிவார். முதலாவது வெறும் செய்தி, இரண்டாவதில் எனக்குக் கிடைத்த நன்மை அடங்கியிருக்கின்றது. ‘ஒஷியெதெ குரெரு’ என்பது இதே அமைப்புத்தான். ‘ஒஷியெதெ’ என்பது நமது வினையெச்சம், ‘சொல்லி’. ‘குரெரு’ என்பது ‘தா’.

இனி மரியாதையைச் சேர்ப்போம். தந்தவர் உயர்ந்தவர் என்றால் ‘குரெரு’ என்பது ‘குதஸரு’ என்று மாறும். ஆகவே ஆசிரியையிடம் ‘ஒஷியெதெ குதஸத்தெ, அரிகதோ கொஸைமஷித’ என்று சொல்ல வேண்டும். ‘சொல்லித் தந்தருளி, நன்றி’ என்பது அதன் சொல்லுக்குச் சொல்லான அமைப்பு. இதனையே பெறுபவரின் பக்கத்திலிருந்து, பணிவுடன் பெற்றுக்கொள்வதைக் குறிக்கும் ‘இததகு’ என்ற வினையால், ‘ஒஷியெதெ இததைதெ, அரிகதோ கொஸைமஷித’ என்றும் சொல்லலாம். முன்னையதில் தந்தவரின் பெருந்தன்மை முன்னே நிற்கின்றது, பின்னையதில் பெற்றவரின் பணிவு முன்னே நிற்கின்றது. இரண்டும் அன்றாட வழக்கில் உள்ளவை.

தாங்கள் எழுதிக் காட்டிய வாக்கியத்தில் ‘நீங்கள் சொன்ன விடயத்துக்கு நன்றி’ என்ற பொருள்தான் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். தருதல் என்னும் வினை அதில் இல்லை.

தமிழ் நமக்குக் கைகொடுக்காத ஓர் இடமும் உண்டு, அதையும் கவனியுங்கள். முன்னிலைக்கும் நாம் ‘தா’ என்றே சொல்கிறோம்: ‘நான் உங்களுக்குச் சொல்லித் தருகிறேன்.’ இதை நினைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியில் ‘குரெரு’ என்று சொல்லக் கூடாது. கொடுப்பவர் நான் என்பதால் ‘அகெரு’ தான் வரும். அதையும் பெரியவரிடம் சொல்வது பொருந்தாது. ‘உனக்கு நான் உபகாரம் செய்கிறேன்’ என்று எடுத்துக் காட்டுவதுபோல அது அவர்கள் காதில் விழும். ஈ, தா, கொடு என்ற மூன்றையும் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோருக்கு முறையே வகுத்துக் கொடுத்த தொல்காப்பியரின் மரபில் வந்த நமக்கு, கொடுத்தல் வினையில் தராதரம் பார்க்கும் இன்னொரு மொழி அந்நியமாகத் தோன்றத் தேவையில்லை.

கேள்வி: ‘அரிகதோ’ என்ற சொல் போர்த்துக்கேயரின் ‘ஒப்ரிகாதோ’விலிருந்து வந்தது என்று ஒரு நண்பர் சொல்கிறார். ‘அரிது’ என்ற தமிழ்ச் சொல்தான் அது என்று இன்னொருவர் சொல்கிறார். எது உண்மை? (வாசகர், ஏறாவூர்)

பதில்: இரண்டும் உண்மையல்ல. போர்த்துக்கேயர் ஜப்பானின் தனெகஷிமா தீவில் முதன்முதலாகக் கால் வைத்தது 1543ஆம் ஆண்டில். அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்டவர், 1000ஆம் ஆண்டையொட்டி அரசவையில் பணியாற்றிய ஸெய் ஷோனகொன் என்ற பெண் எழுத்தாளர். ‘காண்பதற்கு அரியவை’ என்று அவர் இட்ட பட்டியலின் தலைப்பிலேயே இச்சொல்லின் பழைய வடிவம் இருக்கின்றது. மாமனார் மெச்சும் மருமகன், மாமியாரின் அன்பைப் பெற்ற மருமகள், மயிரை நன்றாகப் பிடுங்கும் வெள்ளிச் சாமணம் ஆகியன அவர் கண்ட அரிய பொருள்கள். நம் ஊரிலும் அந்தப் பட்டியலை மறுப்போர் குறைவாகவே இருப்பர் என நினைக்கிறேன்.

‘அரி’ என்பது ‘உளதாதல்’, ‘கதை’ என்று ஒலிக்கும் பிற்பகுதி ‘கடினம்’. இரண்டும் சேர்ந்து ‘இருத்தற்கு அரியது’ என்று பொருள் தந்து, காலப்போக்கில் ‘இத்தகைய உதவி கிடைத்தற்கு அரியது’ என்ற நன்றியாயிற்று. பொருளளவில் இது நமது ‘அரிது’ என்பதற்கு நெருங்கி வருகின்றது என்பது மெய்தான். ஆனால் ‘அருமை’ என்னும் பொருள் அச்சொல்லின் பிற்பகுதியில் இருக்க, ஒலி ஒற்றுமையோ முற்பகுதியில் இருக்கின்றது. ஆகவே இது தற்செயலான ஒற்றுமை. ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டெனப் பல ஆண்டுகள் வாதிட்டவர் என்பதும், பெரும்பாலான மொழியியலாளர் அதை ஏற்கவில்லை என்பதும் பலரும் அறிந்தவை. அந்த விவாதத்தில் எப்பக்கம் நிற்பவரும் இந்தச் சொல்லைச் சான்றாகக் காட்ட முடியாது.

கேள்வி: என் மகன் ஜப்பானில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறான். அவன் பராமரிக்கும் ஐயா ஒருவர், படுக்கையிலிருந்து தூக்கி அமர்த்தும் ஒவ்வொரு தடவையும் ‘மன்னித்துக்கொள்’ என்று சொல்கிறாராம். தான் ஏதோ பிழை செய்வதால் அந்த ஐயா வருந்துகிறாரோ என்று மகன் கவலைப்படுகிறான். (தாயார் ஒருவர், கல்முனை)

பதில்: அம்மா, தங்கள் மகன் எந்தப் பிழையும் செய்யவில்லை. அந்தப் பெரியவர் நன்றிதான் கூறுகிறார். அவர் சொல்வது ‘ஸுமிமஸென்’ என்ற சொல்லாக இருக்க வேண்டும். பாடநூல்கள் அதற்கு ‘மன்னிக்கவும்’ என்று பொருள் எழுதுகின்றன. அச்சொல்லின் வேர் ‘முடிதல், தீர்தல்’ என்பது. ‘ஸுமிமஸென்’ என்றால் ‘தீரவில்லை’. எனக்காக நீ பட்ட சிரமத்துக்கு நான் ஈடு செய்துவிடவில்லை, அது என் நெஞ்சில் தீராமல் நிற்கின்றது என்ற உணர்வே அதில் இருக்கின்றது. மன்னிப்புக் கேட்கும்போதும் அதே சொல் வருவது அதனால்தான்.

நானும் நகோயாவுக்கு அருகில் இத்தகைய இல்லமொன்றில் சில காலம் பணியாற்றியிருக்கிறேன். நடக்க இயலாத மூதாட்டி ஒருவருக்குக் காலுறை அணிவிக்க நான் தரையில் முழந்தாளிட்டு அமரும்போதெல்லாம், அவர் என் தலைக்கு மேல் கையை உயர்த்தி, தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, ‘ஸுமிமஸென் நெ, ஸுமிமஸென் நெ’ என்று இரண்டு முறை சொல்வார். முதல் வாரம் முழுவதும் காலுறையை இறுக்கி வலிக்கச் செய்கிறேனோ என்று அஞ்சி, விரல்களைத் தளர்த்தித் தளர்த்தி, ஒரு காலுக்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். பின்னர் மூத்த பணியாளர் ஒருவர் விளக்கிய பிறகே மனம் ஆறியது.

தங்கள் மகன் அதற்கு ‘ஈயெ, தைஜோபு தெஸ் யொ’ என்று, ‘அப்படியொன்றும் இல்லை, பரவாயில்லை’ என்ற பொருளில், முகம் மலர்ந்து சொன்னால் போதும். அவனும் பிறர் தனக்காகச் சிரமப்பட்ட இடத்தில், உதாரணமாக மூடப் போகும் மின்தூக்கியை ஒருவர் தனக்காக நிறுத்தி வைத்தால், ‘ஸுமிமஸென், அரிகதோ கொஸைமஸ்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் யாரேனும் வாழ்த்தினாலோ பாராட்டினாலோ ‘ஸுமிமஸென்’ வேண்டாம். அங்கே ‘அரிகதோ கொஸைமஸ்’ தான் பொருத்தம்.

கேள்வி: ஜப்பானியர் நன்றி சொல்லும்போது குனிகிறார்கள். தொழுகையிலன்றி வேறெங்கும் குனிவதில் எனக்குத் தயக்கம் உண்டு. குனியாமல் நன்றி சொன்னால் அது அவமரியாதையாகுமா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: மார்க்கம் பற்றிய தீர்ப்பைத் தாங்கள் உலமாக்களிடமே கேட்க வேண்டும். மரியாதையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஜப்பானியரின் அந்தக் குனிதலில் வழிபாட்டுப் பொருள் இல்லை. அலுவலகப் பயிற்சிகளில் அதை மூன்று வகையாகக் கற்பிக்கிறார்கள்: ஏறத்தாழ 15 பாகை சாய்வது ‘எஷகு’, 30 பாகை ‘கெய்ரெய்’, 45 பாகை ‘ஸைகெய்ரெய்’. வெளிநாட்டவர் ஒருவர் இந்த அளவுகளைப் பின்பற்ற வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. நடந்துகொண்டே சொல்லாமல் நின்று, அவர் பக்கம் திரும்பி, சொல்லை முழுவதுமாகச் சொல்லி முடித்து, தலையைச் சற்றே அசைத்தால் அங்கே அது நன்றியாகவே கொள்ளப்படும். அந்த நிற்றல்தான் முக்கியம்.

இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நன்றி சொல்லும்போது கைகூப்ப வேண்டாம். ஜப்பானில் கைகூப்புவது கோயிலிலும், உணவுக்கு முன் ‘இததகிமஸ்’ என்று சொல்லும்போதும் காணப்படும் வழக்கம்.

கேள்வி: பாசிக்குடாவில் ஹோட்டல் ஒன்றில் பரிமாறுபவனாக இருக்கிறேன். ஜப்பானிய விருந்தினர் சாப்பிட்டு எழும்போது ‘கொசிஸோஸம தெஷித’ என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: உணவளித்தவருக்கும் சமைத்தவருக்கும் கூறும் நன்றி அது. விருந்துக்காக ஓடியோடிப் பொருள் சேர்த்தல் என்ற கருத்து அச்சொல்லுக்குள் இருக்கின்றது. தாங்கள் ‘அரிகதோ கொஸைமஷித’ என்று சொன்னால் போதும். பாடநூலில் வரும் ‘தோ இதஷிமஷிதெ’ என்ற பதிலை விருந்தினரிடமும் மேலதிகாரியிடமும் தவிர்ப்பது நல்லது. நான் உதவி செய்தேன் என்று ஒப்புக்கொள்வது போன்ற சாயல் அதற்கு உண்டு. அங்கே ‘ஈயெ’ என்றோ, ‘நாங்கள்தான் நன்றி சொல்ல வேண்டும்’ என்னும் பொருளில் ‘கொசிர கொஸொ’ என்றோ சொல்வதைத்தான் நான் மிகுதியாகக் கேட்டிருக்கிறேன். விருந்தினர் ஒஸாகா பக்கத்தவராயின் ‘ஓகினி’ என்று சொல்லக்கூடும். அதுவும் நன்றிதான், அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு.

கேள்வி: ஒருமுறை நன்றி சொன்ன பின்னும் ஜப்பானியர் மறுநாள் மீண்டும் சொல்வது ஏன்? (வாசகி, திருக்கோவில்)

பதில்: அடுத்த சந்திப்பில் மீண்டும் சொல்லும்போதுதான் முதல் நன்றி முழுமையடைகின்றது என்பது அவர்கள் வழக்கம். நான் தங்கியிருந்த வீட்டுக்கு அயலவரான பெரியவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் தம் தோட்டத்துச் சீமைப் பனிச்சம் பழங்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். வாசலிலேயே முறைப்படி நன்றி கூறினேன். மறுநாட்காலை அவரைத் தெருவில் கண்டு காலை வணக்கம் மட்டும் சொல்லிக் கடந்தபோது, அவர் முகத்தில் சிறியதொரு காத்திருப்புத் தெரிந்தது. அதை உணர்ந்துகொள்ளாமல் நடந்துவிட்டேன். ‘நேற்றுத் தந்த பழத்துக்கு நன்றி, மிக இனிப்பாக இருந்தது’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும் என்பதைப் பின்னர் அறிந்தபோது வெட்கமாக இருந்தது. மறுநாள் என்றால் ‘கினோ வ’, சில நாட்கள் கழித்து என்றால் ‘ஸென்ஜித்ஸு வ’ என்று தொடங்கி, ‘அரிகதோ கொஸைமஷித’ என்று முடியுங்கள்.

கேள்வி: எமது பாடசாலைக்கு ஜப்பானியக் குழு ஒன்று வரவிருக்கின்றது. ஜப்பானின் நன்கொடையால் கட்டப்பட்டு 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்துக்காக, மாணவர்கள் அவர்களுடைய மொழியிலேயே சில வரிகளில் நன்றி சொல்ல விரும்புகிறார்கள். எழுதித் தருவீர்களா? (ஆசிரியை, கொக்கட்டிச்சோலை)

பதில்: மகிழ்ச்சியுடன் எழுதித் தருகிறேன். இரண்டு வாக்கியங்கள் போதும். பிள்ளைகள் நீண்ட உரையை மனனம் செய்து ஒப்புவிப்பதைவிட இரண்டைத் தெளிவாகச் சொல்வதையே நான் விரும்புகிறேன்.

‘ஹஷி ஒ த்ஸுகுத்தெ குதஸத்தெ, அரிகதோ கொஸைமஷித.’ ‘பாலம் கட்டித் தந்தீர்கள், நன்றி’ என்பது பொருள். கல்லடி மாணவருக்கு மேலே நான் விளக்கிய ‘தா’ என்னும் வினையின் மரியாதை வடிவமே இங்கு வருகின்றது.

‘ஹஷி நொ ஒககெ தெ, கக்கோ நி ஹயகு இகெமஸ்.’ ‘பாலத்தின் புண்ணியத்தால் பாடசாலைக்கு விரைவாகப் போக முடிகின்றது’ என்பது பொருள். ‘ஒககெ’ என்பதன் அடிப்பொருள் நிழல். பெரியவர்களின் நிழலில் வாழ்கிறோம் என்று நாம் சொல்வதுபோல, தெய்வத்தின் காப்பையும் பிறரின் உதவியையும் அவர்கள் அச்சொல்லால் குறிக்கிறார்கள். பொதுவாக நன்றி சொல்வதைக் காட்டிலும், அந்த உதவியால் நமது அன்றாட வாழ்வில் என்ன மாறியது என்று இப்படி ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்வது அவர்களின் உள்ளத்தைத் தொடும்.

ஓர் எச்சரிக்கை. ‘ஹஷி’ என்பதில் முதலெழுத்தை உயர்த்தி இரண்டாவதைத் தாழ்த்தினால், தோக்கியோ வழக்கில் அது சாப்பிடும் குச்சியாகிவிடும். ‘ஹ’வைத் தாழ்த்தி ‘ஷி’யை உயர்த்தப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இரண்டு வாக்கியங்களையும் சொல்லி முடித்த பின்னரே அனைவரும் ஒன்றாகத் தலைசாய்க்க வேண்டும், சொல்லிக்கொண்டே சாய்ந்தால் குரல் தரைக்குள் போய்விடும்.

பாலம் வருவதற்கு முன்னர் மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்து நின்று வாவியைக் கடந்தவர்கள் அங்கே பலர் இருப்பார்கள். பாட்டனார் அல்லது பாட்டியார் ஒருவரை அழைத்து, இரவில் நோயாளியுடன் அந்தத் துறையில் நின்ற அனுபவம் இருந்தால், அதைத் தமிழிலேயே சொல்லச் செய்யுங்கள். குழுவுடன் மொழிபெயர்ப்பாளர் வந்தால், ‘பாதை’ என்று நம்மவர் சொல்வது வீதியை அன்று, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைப் படகை என்பதை அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.